ஏற்காடு ஏற 14-28 பிரீவீல் போதுமா? குழந்தைகளோடு எங்கே ஓட்டலாம்? மீட்டர் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

கோரிமேடு_ஹைப்ரிட் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மூன்று சந்தேகம், மூன்றுமே ஒரே பயணத்துக்காக.

வண்டி 700x35 டயர் போட்ட ஹைப்ரிட். முன்னால் 48/38/28 பல், பின்னால் 7 ஸ்பீடு பிரீவீல் (பின்சக்கரப் பல் அடுக்கு), 14-28 பல். பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) ஷிமானோ டூர்னி டிஒய்300. மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக். ஆள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏரிக்கரை வரை போக இந்தக் கியர் போதுமா? பின்னால் பெரிய பல் போட வேண்டும் என்றால் கூடவே என்னென்ன மாற்றணும்?

அடுத்தது குடும்பம். மனைவியிடம் கியர் வைத்த சைக்கிள் இருக்கிறது. மகளுக்கு 10 வயது, 20 இன்ச் சிங்கிள் ஸ்பீடு. மகனுக்கு 4 வயது, அவனைப் பின்னால் குழந்தை சீட்டில் உட்கார வைக்க எண்ணம். மேலே போய் 32 கி.மீ. லூப் ரோட்டை எல்லாரும் சேர்ந்து சுற்ற முடியுமா? திரும்பும்போது மலைப்பாதையில் அப்படியே இறக்கிக் கூட்டி வரலாமா?

மூன்றாவது மீட்டர். வயர் வைத்த சாதாரண மீட்டர்தான். போன் ஆப் 30.0 கி.மீ. காட்டினால் இது 29.0 காட்டுகிறது. ஏற்றத்தில் ஆப் தானாக நின்று நின்று ஓடுகிறது. உயரக் கணக்கும் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. எதை நம்புவது?

---

பல்சக்கரம்:

கியரை மட்டும் சொல்கிறேன். கணக்குப் போட்டால் பதில் தானாக வந்துவிடும்.

சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1400க்கு மேல். அடிவாரத்தில் தொடங்கி ஏரி வரை சுமார் 20 கி.மீ. என்று வைத்தால் சராசரிச் சரிவு 5 சதவீதம். நீலகிரிப் பாதைகளோடு பார்த்தால் இது மிதமான ஏற்றம்தான். ஆனால் விடாமல் ஏறும். கால் ஆற இறக்கம் அதிகம் கிடைக்காது.

உங்கள் வண்டியில் மிக இலகுவான கியர் 28/28, அதாவது முன் 28 பல், பின் 28 பல். மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரு சுற்று. 700x35 டயரின் சுற்றளவு 2168 மி.மீ. நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் வேகம் மணிக்கு 7.8 கி.மீ. 90 கிலோவை 5 சதவீதச் சரிவில் அந்த வேகத்தில் ஏற்ற சுமார் 110 வாட் வேண்டும், அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து. வாரம் நாலு நாள் ஓட்டும் ஆளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. களைத்துப் போனால் இறங்கிக்கொள்ள இன்னொரு கியர் உங்களிடம் கிடையாது. மிதி 60லிருந்து 45க்கு விழும், முட்டியில் பாரம் ஏறும், வலி முட்டிச் சில்லுக்குக் கீழே பிடிக்கும்.

14-34 பிரீவீல் போட்டால் 28/34. ஒரு மிதிக்கு 1.79 மீட்டர். 60 மிதியில் 6.4 கி.மீ., 90 வாட் சொச்சம். அதே கியரில் 75 மிதி போட்டால் 8 கி.மீ. வேகம் வந்துவிடும், முட்டி தப்பிக்கும். மாற்றிவிடுங்கள். வண்டியில் செய்யக்கூடிய மிக மலிவான, மிக உருப்படியான மாற்றம் இதுதான். இலகு வண்டி வாங்கி 2 கிலோ குறைத்தாலும் 90 கிலோவில் அது 2 சதவீதம்தான். இந்தப் பல் மாற்றம் மிதிப்பாரத்தில் 18 சதவீதத்தைக் குறைக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஷிமானோ 7 ஸ்பீடு 14-34இல் பல் வரிசை 14-16-18-20-22-24-34. கடைசிப் படி 24லிருந்து ஒரே தாவலாக 34. நடுவில் எதுவும் இல்லை. அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் படபடவென்று அடித்து, ஏறாமல் நிற்கும். வளைவுக்கு முன்பே, வேகம் கொஞ்சம் இருக்கும்போதே, அரைச் சுற்று காலைத் தளர்த்தி மாற்றிவிட வேண்டும்.

வளைவுகளில் இன்னொரு விவரம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நமக்கு உள்வட்டம் கிடைக்கும். தூரம் குறைவு, செங்குத்து அதிகம். வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம், கிட்டத்தட்ட சமதளம். அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கலாம். எழுந்து நின்று மிதிப்பதென்றால் இடது வளைவில் ஐந்தாறு மிதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஐந்துரோடு_ஸ்பேனர்:

மேலே சொன்னது சரி. மாட்டுவதில்தான் நிறைய பேர் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பாகம்) கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்களுடையது பிரீவீலா (ஹப் மரையில் திருகி மாட்டுவது) கேசட்டா (ஹப்பில் செருகி மாட்டுவது) என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி பல் அடுக்கைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். டூல் இறங்கும் உள்வரிப்பள்ளம் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட், அசையாமல் நின்றால் பிரீவீல். 7 ஸ்பீடு 14-28 என்றால் பெரும்பாலும் பிரீவீல்தான்.

ஷிமானோ பிரீவீலுக்கு 12 வரி உள்ள கழற்றி வேண்டும். அதைப் பள்ளத்தில் முழுக்க இறக்கி, குயிக் ரிலீஸ் கம்பியை அல்லது அச்சு நட்டை மேலே விரலால் லேசாக முடுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டு வெறும் ஸ்பேனர் போட்டால் டூல் நழுவி வரியை மழுக்கிவிடும். அப்புறம் எந்தக் கடையிலும் சுலபமாகக் கழற்ற முடியாது. நீளமான ஸ்பேனர் போட்டு இடப்பக்கமாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் தள்ளுங்கள். நாள்பட மிதித்து இறுகியிருக்கும், நல்ல பலம் கேட்கும். விட்டுக்கொடுத்ததும் உடனே மேல் நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைக் கையால் கழற்றுங்கள்.

புதியதைப் போடும்போது ஹப் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, கையால் மட்டும் ஏற்றுங்கள். முதலில் அரைச் சுற்று எதிர்ப்பக்கம் சுற்றி மரை உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு பிறகு முடுக்குங்கள். ஹப் அலுமினியம், பிரீவீல் இரும்பு. கோணலாக ஏறினால் கெடுவது ஹப்தான். ஸ்பேனரால் இறுக்கவே வேண்டாம். ஓட்டும்போது நம் மிதியே இறுக்கிவிடும்.

டிஒய்300 டீரெயிலர் 34 பல் வரை தாங்கும். அது சமாளிக்கக்கூடிய மொத்தப் பல் வித்தியாசம் 43. உங்கள் கணக்கு முன்னால் 48-28=20, பின்னால் 34-14=20, ஆக 40. எனவே டீரெயிலர் மாற்ற வேண்டியதில்லை. மாட்டிய பிறகு, டீரெயிலரைப் பல்லிலிருந்து விலக்கும் பி-ஸ்குரூவை முடுக்கி, மேல் சின்னச் சக்கரத்துக்கும் 34 பல்லுக்கும் இடையே 5, 6 மி.மீ. இடைவெளி வரும்படி வையுங்கள். உரசினால் கடகட சத்தம் வரும். அதிகமாக விலக்கிவிட்டால் மற்ற கியர்கள் மந்தமாக விழும்.

செயின் நீளத்தைப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பழைய நீளம் 28 பல்லுக்கு அளந்து வெட்டியது. முன் 48, பின் 34 மேல் தெரியாமல் போட்டுவிட்டால் செயின் விறைத்து டீரெயிலரையும் அது மாட்டியிருக்கும் ஹேங்கரையும் பிய்த்துவிடும். அளவெடுக்க, செயினை டீரெயிலருக்குள் விடாமல் 48 மேலும் 34 மேலும் சுற்றி முனைகளைச் சேர்த்துப் பாருங்கள். சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஒரு இன்ச், கூடுதலாக இருக்க வேண்டும்.

---

கோரிமேடு_ஹைப்ரிட்:

ரொம்ப நன்றி அண்ணா. செயின் பழையது, வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. நாலு கண்ணி மட்டும் புதிதாகச் சேர்த்து ஓட்டலாமா?

ஐந்துரோடு_ஸ்பேனர்:

வேண்டாம் தம்பி. பழைய செயின் நீண்டிருக்கும். புதுப் பல்லில் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும், அதுவும் முழு எடையையும் மிதியில் வைத்து நிற்கும் வளைவில்தான் வழுக்கும். இரும்பு ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 கண்ணி தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 இன்ச் வரும். அதற்கு மேல் 1/16 இன்ச் ஓடியிருந்தால் மாற்ற வேண்டிய செயின். 6-7-8 ஸ்பீடு செயின் எல்லாம் ஒன்றுதான், 116 கண்ணி உள்ளதாக வாங்கி அளந்து வெட்டுங்கள். கூடவே ஒரு செயின் லாக் (செயின் முனைகளைச் சேர்க்கும் கண்ணி) வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் 28 பல் ரொம்பத் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அதையும் பார்க்கணும். ஆனால் சமதளத்தில் அதை யாரும் அதிகம் தொடுவதில்லை என்பதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

---

மூக்கனேரி_காலை:

குடும்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மகளின் 20 இன்ச் சைக்கிளில் முன் 32, பின் 16 பல் இருப்பதாக வைத்துக்கொள்வோம், பரவலாக வருவது அதுதான். டயர் சுற்றளவு 1515 மி.மீ. என்றால் ஒரு மிதிக்கு 3.03 மீட்டர். உங்கள் மலைக் கியரில் 1.79 மீட்டர்! அதாவது ஒரே ஏற்றத்தில் நீங்கள் தள்ளுவதைவிட நீளமான கியரை 10 வயதுக் குழந்தை தள்ள வேண்டும். லூப் ரோடு சமதளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காபித் தோட்டங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகப் போகும் பாதை அது. ஒவ்வொரு மேட்டிலும் இறங்கித் தள்ளினால் 32 கி.மீ. என்பது குழந்தைக்கு தண்டனை. அப்புறம் சைக்கிள் என்றாலே ஓடிவிடுவாள்.

இப்படிச் செய்யலாம். முதலில் சேலத்திலேயே தொடங்குங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் காலை 6 மணிக்கு 8 கி.மீ., அது அலுக்காமல் முடிந்தால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வரை. குரும்பப்பட்டி மலையடிவாரம் என்பதால் போகும்போது லேசான ஏற்றம், வரும்போது இறக்கம். களைத்த குழந்தைக்குத் திரும்பும் வழி சுலபமாக இருப்பது பெரிய விஷயம், வழியை எப்போதும் அப்படியே தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டுக்கு வண்டிகளைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்புங்கள். மேலே ஏரியைச் சுற்றியும், லூப் ரோட்டில் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் போய்த் திரும்பியும் ஓட்டினால் போதும். லூப் முழுக்கச் சுற்றித்தான் ஆகணும் என்றால் 24 இன்ச், பின்னால் 14-28 கியர் வைத்த சைக்கிள் வந்த பிறகு.

சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றும்போது டீரெயிலர் பக்கம் மேலே இருக்க வேண்டும். பழைய போர்வையை நடுவில் கொடுங்கள், கயிறு பிரேக் டிஸ்க் மேல் படக் கூடாது. டிஸ்க் ஒரு மி.மீ. வளைந்தாலும் சுற்றுக்கு ஒருதரம் உரசும்.

இறக்கம்: மகளை மலைப்பாதையில் ஓட்ட விடாதீர்கள். மகன் பின் சீட்டில் இருக்கும்போது நீங்களும் ஓட்டி இறங்காதீர்கள். 10 வயதுக் கை 20 கி.மீ. தூரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வர முடியாது, விரல் மரத்துவிடும். சின்னச் சைக்கிள்களில் ரிம் பிரேக். விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் அளவுக்குக்கூடப் போகும். எதிரே பஸ் வளைவின் முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பும்போது ஓரத்தில் நிறுத்தி நிற்கும் நிதானம் குழந்தையிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஏற்றிய வண்டியிலேயே இறக்கிக் கொண்டுவாருங்கள்.

மேலே ஓட்டுவதற்கும் பிரேக் கைப்பிடி எட்டுகிறதா என்று பாருங்கள். கைப்பிடி அடியில் சின்ன ஸ்குரூ இருக்கும், அதை உள்ளே முடுக்கினால் கைப்பிடி ஹேண்டிலுக்குக் கிட்டே வரும். மகள் சீட்டில் உட்கார்ந்தபடியே, கையை நகர்த்தாமல், நடுவிரலின் முதல் கணுவால் பிடிக்க வேண்டும். சிங்கிள் ஸ்பீடு சைக்கிளில் இந்த ஸ்குரூவை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

ஹெல்மெட் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல். பட்டை இரண்டும் காது மடலுக்குக் கீழே சேரணும். தாடைக்கடியில் ஒரு விரல் நுழைய இடம் போதும். பின்தள்ளி நெற்றி தெரியப் போட்டால் போட்டும் பயனில்லை.

குழந்தை சீட்டுகள் பெரும்பாலும் 22 கிலோ வரைக்கும்தான். சீட்டைத் தாங்கும் கேரியரில் எழுதியிருக்கும் எடையையும் படியுங்கள். சீட்டின் எடை, பையனின் எடை இரண்டும் சேர்ந்து அதற்குள் வரணும். டிஸ்க் பிரேக் வண்டியில் கேரியர் கால் பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) முட்டும், அதற்கு வளைந்த கால் வைத்த கேரியர் தனியாக வாங்கணும். பையன் கால் ஸ்போக்குக்குள் போகாமல் பக்கத்தடுப்பும் கால்பட்டையும் கட்டாயம். நிறுத்தி ஏறும்போது யாராவது ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளணும், ஸ்டாண்டை நம்பிப் பையனை உட்கார வைத்துவிட்டு நகர வேண்டாம்.

வரிசையில் மனைவி முன்னால், மகள் நடுவில், நீங்கள் பின்னால் அரை அடி வலப்பக்கம் தள்ளி. பின்னால் வரும் கார் உங்களைச் சுற்றிப் போகும், மகளுக்கு இடம் கிடைக்கும்.

மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிருங்கள். அப்போது அடிவாரம் வழியாக ஏற்றம், கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்குவது வழக்கம், மேலே நிற்கக்கூட இடம் இருக்காது. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், குரங்கு வந்து பிடுங்கும். சாப்பாடு எல்லாம் மூடிய பைக்குள். தட்டுவடை செட் எல்லாம் சேலம் திரும்பிய பிறகு.

---

சில்வர்ஓக்:

மீட்டர் விஷயம். 30.0க்கு 29.0 என்று எண்ணைக் கொடுத்ததால் காரணம் உடனே தெரிகிறது. பல மீட்டர்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போது இருக்கும் சுற்றளவு 2096 மி.மீ., அது 700x23 டயருக்கானது. உங்கள் டயர் 700x35, அதாவது 2168. 30 x 2096 / 2168 = 29.0. மீட்டரில் கோளாறு இல்லை, டயர் அளவைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அட்டவணை எண்ணைவிட அளந்து போடுவது நல்லது. டயரில் ஓட்டும் அளவுக்குக் காற்றடித்து, வால்வு நேர் கீழே வரும்போது தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, மனைவி பிடித்துத் தள்ள, நேர்க்கோட்டில் மூன்று சுற்று உருட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மி.மீ.யில் அளந்து மூன்றால் வகுங்கள். ஆள் உட்காராமல் அளந்தால் டயர் அமுங்காது, எண் சில மி.மீ. கூடிவிடும். மீட்டருக்குச் சுற்றை எண்ணித் தரும் காந்தம் முன்சக்கரத்தில் இருப்பதால் முன்சக்கரத்தைத்தான் அளக்கணும். மகளின் 20 இன்ச்சுக்கும் மீட்டர் வாங்கினால் 1515 போடுங்கள். மாற்றாமல் 2096இல் விட்டால் 38 சதவீதம் கூட்டிக் காட்டும், 8 கி.மீ. ஓடினால் 11 என்று வரும். பேட்டரி மாற்றும்போது சில மீட்டர்கள் இந்த எண்ணை மறந்துவிடும், ஸ்டிக்கரில் எழுதி மீட்டருக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.

ஓடும்போது திடீரென்று பூஜ்யம் காட்டினால் காந்தம் நகர்ந்திருக்கும். ஸ்போக்கில் இருக்கும் காந்தம் சென்சாரின் கோட்டுக்கு நேராக, 5 மி.மீ.க்குள் இருக்கணும். பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு இது அடிக்கடி நடக்கும்.

ஆப் நின்று நின்று ஓடுவது ஆட்டோ பாஸ். மணிக்கு 5, 6 கி.மீ. வேகத்தில் போன் நீங்கள் நிற்கிறீர்கள் என்று முடிவு செய்துவிடுகிறது. மலை ஏறும் அன்று அதை அணைத்துவிடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சிக்னல் தேடிப் பேட்டரி கரைவது நிற்கும். கொண்டை ஊசிகளில் சில கருவிகள் சில விநாடிக்கு ஒரு புள்ளி மட்டும் பதிந்து வளைவை நேர்க்கோடாக வெட்டிவிடும். பதிவு இடைவெளியை ஒரு விநாடி ஆக்குங்கள். தூரத்துக்கு, சரியாக அளவிட்ட சக்கர மீட்டரைத்தான் நம்பணும்.

உயரத்துக்குக் காரணம் காற்றழுத்தம். போனிலோ ஜிபிஎஸ் மீட்டரிலோ அழுத்தமானி இருந்தால், அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைவதை 8, 9 மீட்டர் ஏறியதாகக் கணக்கிடும். நம் பக்கம் ஏறாமல் இருந்தாலே தினமும் காலை 10 மணிவாக்கில் அழுத்தம் உச்சத்திலும் மாலை 4 மணிவாக்கில் அடியிலும் இருக்கும். வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல். காலையில் கிளம்பி மாலை அதே கோரிமேட்டில் வந்து நின்றால் 25, 30 மீட்டர் உயர்ந்துவிட்டதாகக் காட்டும். கிளம்பும் இடத்தில் தெரிந்த உயரத்தைக் கொடுத்துத் தொடங்குங்கள், திரும்பி வரும் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். வியர்வையோ மழையோ அழுத்தத் துளையை அடைத்தால் கோடு அப்படியே படுத்துவிடும், ஊதாமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

மிதி எண்ணிக்கைக்குத் தனி சென்சார் வாங்க வேண்டாம். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 15க்குக் கீழே போனால், அதாவது நிமிடத்துக்கு 60க்குக் கீழே, 34 பல்லுக்குப் போகும் நேரம்.

---

கோரிமேடு_ஹைப்ரிட்:

எல்லாருக்கும் நன்றி. குழந்தைகளை வண்டியிலேயே இறக்கிவிடுகிறேன். நான் மட்டும் ஓட்டி இறங்குவதாக இருந்தால் டிஸ்க் பிரேக்கில் என்ன பார்க்கணும்? குப்பனூர் வழியாக இறங்கலாமா?

ஐந்துரோடு_ஸ்பேனர்:

முதல் தடவை வந்த வழியிலேயே இறங்குங்கள். குப்பனூர் பாதை குறுகல், செங்குத்தும் கூட.

பிரேக் பேடில் (டிஸ்க்கை இருபக்கமும் அழுத்தும் கட்டை) உராயும் பொருள் 1 மி.மீ.க்குக் கீழே இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், மலையில் பாதி தேய்ந்துவிடும். மெக்கானிக்கல் டிஸ்க்கில் பொதுவாக வெளிப்பேட் மட்டும் நகரும். உள்பேட் தேயத் தேய நாமே கிட்டே கொண்டுவர வேண்டும். காலிப்பரின் உள்பக்கம் இருக்கும் திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, டிஸ்க்கில் உரசத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். வெறும் கேபிளை இறுக்கி ஒப்பேற்றினால் டிஸ்க் ஒருபக்கம் வளைந்து பிடிக்கும், பலம் வராது. புதுப் பேட் போட்டால் சமதளத்தில் 20 வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது தடவை பிடித்துப் பழக்கிவிட்டுத்தான் மலை. செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க் மேல் துணி மூடுங்கள். ஒரு துளி பட்டாலும் பேட் உறிஞ்சிக்கொண்டு கீச்சிடும், பிடிக்காது.

இறங்கும்போது வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் அதிகச் சூடு. வளைவு எண் பலகைகள் இருக்கின்றன, ஐந்துக்கு ஒருதரம் அகலமான இடத்தில் நின்று கை உதறிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கொப்புளித்துவிடும். கைப்பிடி ஹேண்டில் வரை வந்தால் அங்கேயே நின்று கேபிள் சரிசெய்யும் உருளையை வெளியே திருகுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மீதி வளைவுகளை நடந்தே இறங்குங்கள்.